லைப்ரரி பீரியடில் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி?

கால அட்டவணையில் வாரம் ஒரு நூலகப் பாடவேளை இருக்கும், ஆனால் அந்த நாற்பது நிமிடம் பெரும்பாலும் முடிக்காமல் விட்ட கணக்குப் பாடத்துக்குப் போய்விடும், இல்லாவிட்டால் "ஆளுக்கொரு புத்தகம் எடுத்துச் சத்தம் போடாமப் படிங்க" என்று சொல்லிவிட்டு நாம் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிடுவோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். இந்த வேளையை முதல்முறையாகக் கையில் எடுக்கும் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காக, எனக்குக் கைகொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. பீரோவைத் திறங்கள்

புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில்தான் பல பள்ளிகளில் பீரோவுக்குப் பூட்டு. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகள் எழுதினார், அதில் முதலாவதே நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். பூட்டிய பீரோவில் அந்த முதல் விதியே அடிபட்டுப் போகிறது.

திறந்தால் மட்டும் போதாது. சிறுவர் புத்தகங்கள் மெல்லியவை, அடுக்கி வைத்தால் முதுகில் பெயர்கூடத் தெரியாது. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணி வரை, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு நைலான் கயிறு கட்டி, புத்தகத்தை நடுவில் விரித்து துணி காயப்போடுவதுபோல் தொங்கவிடுங்கள். அட்டைப்படம் தெரிந்தால் கை தானாக நீளும். முப்பது பேர் வகுப்பு என்றால் ஐம்பது புத்தகமாவது தொங்கட்டும், கடைசியாக வரும் பிள்ளைக்கும் தேர்ந்தெடுக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

2. வகுப்பைப் பார்த்துப் புத்தகம் கொடுக்காதீர்கள்

இதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், எப்போதும் இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போவான், சீராகப் பக்கம் புரட்டுவான். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், பக்கம் நகர்ந்தது, கண் நகரவில்லை. எழுத்துக்கூட்டித்தான் அவனால் படிக்க முடியும், சின்னப் புத்தகத்தை எடுத்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று இவ்வளவு நாள் மறைத்திருக்கிறான்.

அவனிடம் ஒரு வேலை கொடுத்தேன். "வெள்ளிக்கிழமை ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ ஒரு கதை படிச்சுக் காட்டணும், எந்தக் கதைன்னு நீயே பாரு." அன்றிலிருந்து பக்கத்துக்கு இரண்டு வரி உள்ள புத்தகத்தை அவன் கூச்சமில்லாமல் கையில் வைத்திருந்தான், ஏனென்றால் அது அவன் படிப்பதற்கு இல்லை, தம்பி தங்கைகளுக்கு! ஒரே கதையை ஐந்தாறு முறை படித்துப் பழகினான். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவராவது இருப்பார், தேடிப் பாருங்கள்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள் உண்டு. நான்கையும் கலந்தே தொங்கவிடுங்கள். ஊஞ்சல், தேன்சிட்டு பழைய இதழ்களையும் சேர்த்துக்கொள்ளலாம். போதவில்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்துப் பின் அடித்தால் புத்தகம் தயார்.

3. முதல் பத்து நிமிடம் நீங்கள் படித்துக் காட்டுங்கள்

குரலை ஏற்றி இறக்கி, முகத்தோடு. கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு அந்தப் புத்தகத்தைக் கயிற்றிலேயே மாட்டிவிடுங்கள். அப்புறம் அதற்கு அடிதடி நடக்கும்.

4. பிறகு நீங்களும் படியுங்கள்

நோட்டுத் திருத்தக் கூடாது, போன் கூடாது. ஆசிரியர் ஒரு கதையில் மூழ்கி உட்கார்ந்திருப்பதைப் பல பிள்ளைகள் பார்த்ததே இல்லை. முதல் வாரம் பதினைந்து நிமிடம் போதும், சலசலப்பு இருக்கத்தான் செய்யும், அதட்ட வேண்டாம்.

5. கேள்வித்தாள் வேண்டாம், பேச்சு வேண்டும்

கதைச் சுருக்கம் எழுதச் சொன்னால் அடுத்த வாரம் இருப்பதிலேயே மெல்லிய புத்தகத்தைத் தேடுவார்கள். அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவில் 2000-இல் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, வழிகாட்டலும் பின்னூட்டமும் இல்லாத மௌன வாசிப்பு வாசிப்புத் திறனை வளர்க்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. எனக்கு அது சரியாகவே படுகிறது. அதனால் இருபது நிமிடம் வகுப்போடு சேர்ந்து படித்துவிட்டு, மீதி நேரத்தில் வாரம் மூன்று பேர் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த இடம் பிடிச்சுது? அதை மட்டும் படிச்சுக் காட்டு" என்பேன். எங்கே திணறுகிறார்கள் என்பது அந்த நான்கு வரியில் தெரிந்துவிடும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால், மிரட்டாமல் வேறு புத்தகம் எடுக்கச் சொல்லுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடவும் அனுமதி உண்டு.

6. வீட்டுக்கும் கொடுங்கள்

மணி அடித்த பிறகும் புத்தகத்தை வைக்க மனமில்லாமல் சிலர் நிற்பார்கள். அவர்களுக்காகவே ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு. பெயர், புத்தகம், தேதி, கையெழுத்து, அவ்வளவுதான், எழுதும் பொறுப்பு வாரம் ஒரு மாணவிக்கு. கிழிந்து வந்தால் திட்டாமல், பசையையும் டேப்பையும் அந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள், ஒட்டி முடித்ததும் புத்தகம் மறுபடி கயிற்றுக்குப் போகட்டும்.