ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்: பாஸ்கலில் யூனிட் வைத்துச் சமாளிப்பது எப்படி?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கேபிள் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு லாசரஸில் (பாஸ்கல் மொழியில் நிரல் எழுத உதவும் மென்பொருள்) ஒரு பில் நிரல் எழுதினேன். உள்ளூர் விற்பனைக்கு சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம். அதே கேபிள் ஓசூருக்குப் போனால் மாநிலம் தாண்டிவிட்டது, ஐஜிஎஸ்டி 18. இரண்டு கணக்கும் தனித்தனி ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்துண்டு); இரண்டுக்கும் ‘வரி’ என்ற பெயர்தான் பொருத்தம். வரி1, வரி2 என்று வைப்பது எனக்கு ஆகவே ஆகாது.

பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன். லாசரஸின் கம்பைலரான (நாம் எழுதுவதை இயங்கும் நிரலாக மாற்றுவது) ஃப்ரீ பாஸ்கல் ஆங்கில எழுத்துதான் கேட்கும், தட்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: உள்ளூர், வெளியூர் என இரண்டு யூனிட் (நிரலின் ஒரு பகுதியைத் தனியாக வைக்கும் கோப்பு) திறந்துகொள்ளுங்கள். கோப்புக்கும் அதே பெயர். யூனிட்டுக்கே ‘வரி’ என்று பெயர் வைத்தால் உள்ளே அதே பெயரில் ஃபங்ஷன் எழுத முடியாது.

படி 2: இரண்டிலும் ‘வரி’யின் தலைப்பை இன்டர்ஃபேஸில் (யூனிட்டில் வெளியே தெரியும் பகுதி) எழுதுங்கள், கணக்கை இம்ப்ளிமென்டேஷனில் (உள்ளே வேலை நடக்கும் பகுதி). உள்ளூர் 9 சதவீதம் தரும். பில்லில் அதையே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என இரண்டு இடத்தில் அச்சிடுவோம். வெளியூர் 18 தரும்.

படி 3: நிரலில் ‘யூசஸ் உள்ளூர், வெளியூர்;’ என்று எழுதுங்கள். எந்தெந்த யூனிட் வேண்டும் என்று சொல்லும் பட்டியல் இது.

இங்கேதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வெறுமனே வரி(1000) என்று அழைத்தால் கம்பைலர் முறைக்காது. யூசஸ் பட்டியலில் கடைசியாக உள்ள யூனிட்டின் வரியை எடுத்துக்கொள்ளும். உள்ளூர் பில்லில் 90, 90 வர வேண்டிய இடத்தில் 180, 180 வரும். பட்டியலில் வரிசையை மாற்றினால் விடையும் மாறும். யூனிட்டுக்குள் இம்ப்ளிமென்டேஷன் பகுதியில் இன்னொரு யூசஸ் இருந்தால், அது இன்டர்ஃபேஸ் யூசஸை முந்திக்கொள்ளும். எல்லா அழைப்பும் வெளியூருக்கே போய்விட்டால், ‘உள்ளூர் யூனிட் பயன்படவில்லை’ என்று ஒரு ஹின்ட் (கம்பைலர் காட்டும் சிறு குறிப்பு) மட்டும் வரும். ஹின்ட்டை அணைத்து வைத்திருந்தால் அதுவும் இல்லை. தயவுசெய்து அணைக்காதீர்கள்.

படி 4: உள்ளூர்.வரி(1000), வெளியூர்.வரி(1000) என்று புள்ளி வைத்து அழையுங்கள். அப்புறம் வரிசை எப்படி இருந்தாலும் கவலையில்லை.

சந்தேகம் வந்தால் லாசரஸில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பெயரைக் கிளிக் செய்யுங்கள். எந்த யூனிட்டுக்குத் தாவுகிறதோ அதுதான். இதற்காகவே வெறும் எடிட்டரைவிட லாசரஸ் எனக்குப் பிடிக்கும்.

பிற்சேர்க்கை: கடை லோகோவைச் சேர்க்கும்போது டிபிட்மேப்.கிரியேட் (படத்துக்கான ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் அழைப்பு) பிழை காட்டுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதே கதைதான். நமக்கு வேண்டிய டிபிட்மேப் கிராஃபிக்ஸ் யூனிட்டில் இருக்கிறது. விண்டோஸ் யூனிட்டிலும் டிபிட்மேப் உண்டு, ஆனால் அது வெறும் ரெக்கார்ட் (தரவை மட்டும் வைத்திருப்பது), அதில் கிரியேட் இல்லை. யூசஸில் கிராஃபிக்ஸுக்குப் பின்னால் விண்டோஸ் இருந்தால் அந்த ரெக்கார்ட்தான் கிடைக்கும். கிராஃபிக்ஸ்.டிபிட்மேப் என்று முழுசாக எழுதுங்கள்; மாறியை அறிவிக்கும் இடத்திலும் சேர்த்துத்தான்.