நீட்சி கேட்கும் அனுமதியை வாசித்து முடிவெடுக்கும் முறை

திருகோணமலையில் பல வீடுகளிலும் தொடர்பாடல் நிலையங்களிலும் ஒரே கணினியின் ஒரே உலாவியில் தமிழ்த் தட்டச்சும் வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பமும் நடைபெறுவதால், உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருளான நீட்சியொன்றைச் (extension) சேர்க்கும்போது தோன்றும் அனுமதிப் பெட்டியை வாசிக்காமல் ஒப்புதல் அளிப்பது ஆபத்தானது.

‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்ற வரியைக் கண்டதுமே அந்த நீட்சி கெட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லின் மீது சுட்டியை வைத்தவுடன் தமிழ்ப் பொருளைக் காட்டும் அகராதி நீட்சி, அப்பக்கத்தின் எழுத்துகளைப் படித்தே ஆக வேண்டும். பொருளைத் தாங்கிய சிறு பெட்டியைப் பக்கத்தினுள் செருகுவதும் மாற்றமாகவே கொள்ளப்படும். ஆயினும் அதே அனுமதியைக் கொண்டு, வங்கிப் பக்கத்தில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் ஒரு நீட்சியால் படித்துவிட முடியும்.

ஆகவே, செய்யும் வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் உண்டா என்று பாருங்கள். பின்னணி நிறத்தை மாற்றும் நீட்சி உங்கள் இருப்பிடத்தைக் கேட்டால் அதை நிறுவ வேண்டாம்.

குரோம் உலாவியில் நீட்சியின் ‘விவரங்கள்’ பகுதிக்குச் சென்று, தள அணுகலைக் ‘கிளிக் செய்யும்போது’ என்று மாற்றினால், அதன் சின்னத்தை நீங்கள் அழுத்தும் பக்கத்தில் மட்டுமே அது தரவைப் படிக்கும். அகராதிக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. புதுப்பிப்பின் பின்னர் நீட்சி மேலும் விரிவான அனுமதியைக் கோரினால், குரோம் அதனை நிறுத்திவைத்து உங்கள் ஒப்புதலைக் கேட்கும். நீட்சி வேறொருவர் கைக்கு மாறியிருக்கவும் கூடும் என்பதால், உருவாக்கியவர் பற்றிய விபரத்தை அப்போது மீண்டும் வாசியுங்கள். பயன்படுத்தாத நீட்சிகளை நீக்கிவிடுங்கள்.