இதயம் தன் குருதி ஓட்டத்தை ஒழுங்காக்குதல்: மாணவர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

யாழ்ப்பாணத்தில் உடற்றொழிலியல் படிப்பிக்கிறேன். இதயத்தசை தனக்குத் தேவையான குருதியை எப்படிப் பெறுகிறது என்ற இந்தப் பாடத்தில் ஒவ்வொரு மாணவர் அணியும் அதே பிழைகளைத்தான் விடுகிறது. எங்கள் அணி விட்டதும் இவைதான். இதயம் தன் அறைக்குள் இருக்கும் குருதியையே எடுத்துக்கொள்கிறது என்பது போன்றவை முதல் கிழமையிலேயே திருந்திவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

சுருங்கும்போது பாய்கிறது என்று எழுதுவது

இடது இதயவறைச் சுவருக்குரிய குருதியில் பெரும்பங்கு, இதயம் தளரும்போதே போகும்.

ஓய்வில் குறையில்லை, ஆகவே அடைப்பில்லை என்பது

இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். என் உறவினர் ஒருவருக்கு, சோளகம் வீசும் நாட்களில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தால் நெஞ்சு இறுகும்; இறங்கி நின்றால் விட்டுவிடும். படுத்திருந்து எடுத்த ஈ.சீ.ஜீ.யைப் பார்த்து, மருத்துவம் படிக்கும் பிள்ளையொன்று, "வடிவா இருக்கு மாமா, உது வாயுதான்" என்று சொல்லிவிட்டது. வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பல மாதம் கழித்து நாடிகளைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் செய்தபோது, இதயத்தசைக்குக் குருதி கொண்டுபோகும் முடியுரு நாடியொன்று மோசமாக ஒடுங்கியிருந்தது.

பெரிய நாடி ஒடுங்கினால் அதற்கு அப்பால் அமுக்கம் குறையும். உடனே அங்குள்ள நுண்ணிய நாடிகள் விரிந்து, ஓய்வுக்குத் தேவையான ஓட்டத்தைக் காப்பாற்றிவிடும். ஏறத்தாழ 60 முதல் 140 மி.மீ. இரசம் வரை அமுக்கம் மாறினாலும் ஓட்டம் பெரிதாக மாறாததற்கு இந்தத் தன்னொழுங்காக்கமே காரணம். ஆனால் ஓய்விலேயே விரிந்துவிட்ட நாடி, வேலை கூடும்போது இன்னும் எவ்வளவு விரியும்? இதயத்தசை ஓய்விலேயே குருதியிலுள்ள ஒட்சிசனில் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுவதால், கூடுதலாக உறிஞ்சியும் சமாளிக்க ஏலாது. ஓட்டம்தான் கூட வேண்டும். நல்ல நாடியில் அது நாலைந்து மடங்கு கூடும்.

1974இல் அமெரிக்க இதய மருத்துவர் லான்ஸ் கூல்ட் குழுவினர் நாய்களில் இதை அளந்து காட்டினார்கள். விட்டம் சுமார் 85 சதவீதம் ஒடுங்கும்வரை ஓய்வு ஓட்டம் குறையவில்லை. உச்ச ஓட்டமோ 30 முதல் 45 சதவீத ஒடுக்கத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது. ஆகவே நெஞ்சு இறுகுது என்று ஒருவர் சொன்னால், என்ன செய்யும்போது வருகிறது, நின்றால் விடுகிறதா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால், ஓய்வு ஈ.சீ.ஜீ. நன்றாக இருந்தாலும் இதய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பரிவு நரம்பு நேரடியாக விரிக்கிறது என்பது

பரிவு நரம்பு, அதாவது உடல் பரபரப்பாகும்போது இதயத்தை வேகப்படுத்தும் நரம்பு, முதலில் இதயத்தின் வேலையைக் கூட்டுகிறது. நாடிகள் விரிவது பெரும்பாலும் அந்த வேலையால்தான். அந்த நரம்பு இதயத்தைத் தூண்ட உதவும் பீற்றா வாங்கிகளை மறித்துவிட்டு நரம்பைத் தூண்டினால் நாடி சுருங்குவதைக் காணலாம்.

எல்லாம் அடினோசீன் என்பது

இல்லை. அடினோசீன் என்பது இதயத்தசை வெளிவிடும், நாடியை விரிக்கும் ஒரு பொருள்; அதைத் தடுத்தாலும் தன்னொழுங்காக்கம் நிற்பதில்லை.