டைல்ஸ் இடுக்குக்கு நல்ல தண்ணீர்

பாத்ரூம் டைல்ஸ் இடுக்கை நீங்களே அடைப்பதாக இருந்தால், கிரௌட் பவுடரை போர் தண்ணீரில் குழைக்காதீர்கள். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கிரௌட் காயும்போது தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மேலே வந்து வெள்ளையாகப் பூத்து நிற்கும். கருப்பு, சாம்பல், காபி கலர் என்றால் கோடு முழுக்கத் திட்டுத் திட்டாகத் தெரியும், தேய்த்தாலும் திரும்பத் திரும்ப வரும். குழைப்பதற்கு மட்டுமல்ல, மேலே படிந்ததை ஸ்பாஞ்சால் துடைப்பதற்கும் அதே நல்ல தண்ணீர்தான் வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஒரு சின்ன பாத்ரூமுக்கு இரண்டு குடம் போதும், சிறுவாணியோ பவானியோ குழாயில் வரும் நாளில் பிடித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அப்புறம், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் எந்தத் தண்ணீராக இருந்தாலும் கலர் வெளுத்துவிடும்.

சிமென்டுக்குப் பதில் ரெசின் பசையில் வரும் எபாக்ஸி கிரௌட்டுக்குக் குழைக்கத் தண்ணீரே தேவையில்லை, அதனால் இந்தக் கவலை அதற்கு இல்லை. வெள்ளை கிரௌட் போடுகிறவர்களுக்கும் பூத்தது கண்ணுக்குத் தெரியாது. டைல்ஸுக்கு அடியில் போட்ட சிமென்ட் கலவையே உப்புத் தண்ணீரில் போட்டது, இன்னும் ஈரமும் காயவில்லை என்றால் மட்டும் இந்த யோசனை உதவாது. உப்பு கீழே இருந்து ஏறிவிடும். அடித்தளம் நன்றாகக் காய்ந்த பிறகே இடுக்கை அடையுங்கள்.