கரப்பந்தாட்டக்காரர் எந்தத் தரையில் பாய்ந்து பழகுவது?

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை மணலில் மட்டும் பாய்ந்து பழகினால் கால் பலக்கும். வலையடியில் வேண்டிய சட்டென்ற எழும்பல் முழுதாக வராது. மணல் அமிழ்ந்து உந்துவிசையை விழுங்கிவிடும், பாதம் நிலத்தில் கூடுதல் நேரம் நிற்கும். மூட்டுக்கு அடி குறைவு என்பது உண்மைதான், அதனால் வாரத்தில் ஒரு நாள் மணல் நல்லது. புதிதாகத் தொடங்குவோருக்குக் கெண்டைக்கால் பிடிக்கும். முதல் நாள் 30 பாய்ச்சலோடு நிறுத்துங்கள். அலை நனைத்த ஈரமணல் இறுக்கமானது, ஆனால் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே பக்கம் பார்த்துப் பாய்ந்தால் ஒரு கணுக்காலுக்கே பாரம் சேரும்.

வேகமான எழும்பலுக்குச் சமமான புல்தரைதான் சரி. சப்பாத்துப் போட்டு, 5 பாய்ச்சல் வீதம் 6 தடவை, இடையில் 2 நிமிட ஓய்வு. பிறகு 2 நாள் பாயாமல் விடுங்கள். மார்கழி மழையில் புல் வழுக்கும். அன்றைக்கு உள்ளே ஸ்குவாட் (குந்தி எழும்பும் பயிற்சி) செய்தால் போதும்.

சீமெந்துத் தரையில், பெட்டியிலிருந்து குதித்த கையோடு எழும்பும் பயிற்சி வேண்டவே வேண்டாம். முழங்கால் சிரட்டையின் கீழ் விளிம்பை விரலால் அழுத்தும்போது நோகிறதென்றால், எந்தத் தரையானாலும் பாய்ச்சலைக் குறைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.