மின்சாரம் கடத்தும் நூலில் சர்க்யூட் தைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணியில் எல்இடி தைக்கப் பழகுகிறவர்கள், ஆரம்பத்தில் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். பிளஸ், மைனஸ் மாற்றித் தைப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. விளக்கு எரியாதபோதே அது தெரிந்துவிடும். எரிந்துகொண்டே ஏமாற்றுகிற தவறுகள்தான் ஆபத்து.

நூல் வாலை விட்டுவைப்பது

கடத்தும் நூலுக்கு மேலுறை கிடையாது. சாதாரண நூலில் முடிச்சுக்குப் பிறகு ஒரு சென்டிமீட்டர் வால் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். இதில் அந்த வால் பக்கத்துத் தடத்தை, அதாவது நூல் ஓடுகிற இன்னொரு தையல் வரியைத் தொட்டால் ஷார்ட்: மின்சாரம் எல்இடிக்குப் போகாமல் குறுக்கே ஓடிவிடும். எவர்சில்வரில் செய்த கடத்தும் நூல் விறைப்பாக வேறு இருக்கும். போட்ட முடிச்சு நெகிழும், வெட்டிய முனை பிசிறு பிசிறாகப் பிரியும்.

கல்லூரி மாணவி ஒருவர் முழங்கை தாண்டிய கை வைத்த பட்டு ரவிக்கையில் வரிசையாக எல்இடி தைத்து எடுத்து வந்தார். மேசையில் விரித்தால் பளிச்சென்று எரிகிறது. போட்டுக்கொண்டு கையை மடக்கினால் அணைந்துவிடுகிறது. எல்இடியில்தான் கோளாறு என்று எல்லாவற்றையும் பிரித்து, புதிதாக வாங்கி மறுபடியும் தைத்திருக்கிறார். பருத்தியில் ஊசி ஓட்டை துவைத்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் அப்படியே நிற்கும். ரவிக்கையைத் திருப்பினால் உள்பக்கம் முழுக்கப் பூனை மீசை மாதிரி வால்கள். முழங்கை மடிகிற இடத்தில் பிளஸ் வால் ஒன்று மைனஸ் தையல்மேல் போய்ப் படுக்கிறது. கத்தரிக்கோலை எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு ஒரு நல்ல துணி வீணானது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் தாங்காது.

முடிச்சை இறுக்கி, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். அப்புறம் முடிச்சை ஒட்டி வெட்டுங்கள். ஈரத்தோடு வெட்டினால் அவிழ்ந்துவிடும். பேட்டரி போடும் முன் மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பிளஸ் தடத்திலும் மறுமுனையை மைனஸ் தடத்திலும் பிடித்துக்கொண்டு துணியை மடக்குங்கள், கசக்குங்கள், முறுக்குங்கள். ஒரே ஒரு பீப் கேட்டாலும் பேட்டரி கூடாது. ஷார்ட்டானால் சிஆர்2032 என்ற பட்டன் செல் சூடாகித் தீர்ந்துபோகும். லித்தியம் பாலிமர் பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும்.

சரிகைமேல் தைப்பது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அசல் சரிகை பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிச் செய்தது. அதில் மின்சாரம் ஓடும். பிளஸ், மைனஸ் இரண்டும் ஒரே கரையைக் கடந்தால் கரையே ஷார்ட் ஆக்கிவிடும். எல்இடிகளைத் தனித்துணியில் தைத்து, அடியில் லைனிங் கொடுத்து, சாதா நூலால் மேலே பொருத்துங்கள்.

வெட்டாமல் எல்இடியைத் தாண்டுவது

பிளஸ் துளையில் தைத்த நூலை எல்இடிக்கு அடியிலேயே ஓட்டி மைனஸுக்குக் கொண்டுபோனால், மின்சாரம் எல்இடியை விட்டுவிட்டு நூல் வழியே போய்விடும். வெட்டுங்கள்.

நிறங்களைக் கலப்பது

சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். தனித்தனி மின்தடை இல்லாமல் ஒரே தடத்தில் பக்கம் பக்கமாக இணைத்தால் சிவப்பு எரியும், நீலம் மங்கிப்போகும்.

சால்டர் வைப்பது

எவர்சில்வர் நூலில், உருக்கி ஒட்டுகிற சாதாரண சால்டர் ஈயம் ஒட்டாது.

பட்டன் செல்லை அப்படியே விடுவது

துவைக்கும் முன் கழற்றுங்கள். குழந்தையின் கவுன் என்றால் செல் வைக்கும் பையின் வாயைத் தைத்தே மூடுங்கள். விழுங்கிய செல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.