மோதிரத்தில் கல் நிற்க வேண்டுமானால்: பதிக்கும்போது நடக்கும் தவறுகள்

கல் விழுந்த மோதிரத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். "நகம் லூசாயிடுச்சு போலிருக்கு, புதுசா கல் வச்சுக் கொஞ்சம் அழுத்திக் குடுங்க." லென்ஸ் வைத்துப் பார்த்தால் பல நேரம் கல்லைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்ன உலோக நகம் நன்றாகவே இருக்கும். கோளாறு அதன் உட்பக்கத்தில், கல் உட்காரும் வெட்டில் இருக்கும். அந்த வெட்டு சரியில்லாமல் நகத்தை மட்டும் அழுத்திக் கொடுத்தால், அடுத்த கல்லும் சில மாதத்தில் விழும். கல்லும் போய், கூலியும் போய், மனசும் கஷ்டப்படும்.

கல்லைத் தாங்குவது அந்த வெட்டு, அதாவது அதன் இருக்கை. மேலே எழும்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நகத்தின் வேலை. வெள்ளி மோதிரங்களில் கல் பதிக்கிற பட்டறை அனுபவத்தில், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வந்த தவறுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன்.

இருக்கை சரியாகாமல் நகத்தை மடக்குவது

பட்டை தீட்டிய கல்லுக்கு நடுவில் ஓர் இடுப்பு உண்டு. கல்லின் அகலமான விளிம்பு அது, கர்டில் என்பார்கள். நான்கு நகத்திலும் உட்பக்கமாக ஒரு சின்ன வெட்டுப் போட்டு, அந்த இடுப்பை அதில் உட்கார வைக்க வேண்டும். வெட்டின் ஆழம் நகத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும், எந்தக் காரணத்துக்கும் பாதியைத் தாண்டக் கூடாது. ஆழம் குறைந்தால் கல் வழுக்கி மேலே வரும். ஆழம் கூடினால் நகம் மடக்கும்போதே ஒடியும், அல்லது ஒடியாமல் தப்பித்து ஆறு மாதம் கழித்து விரலில் இருக்கும்போது ஒடியும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அன்று கல் எங்கே விழுந்தது என்றே தெரியாது.

நான்கு வெட்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. ஒன்று மட்டும் நூலளவு இறங்கிவிட்டால், ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி கல் ஆடும். வேலை கற்ற புதிதில் 8க்கு 6 மில்லிமீட்டரில் ஒரு செவ்வந்திக் கல்லை நான் இப்படித்தான் இழந்தேன். கல் லேசாக ஆடியது தெரிந்தது. நகத்தை மடக்கினால் நின்றுவிடும் என்று நினைத்து அழுத்தினேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு ஓடிவிட்டது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் அப்புறம் ஆடுகிற கல்லின் மேல் கை வைக்க மாட்டார்கள்.

நகத்தைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கல்லை இருக்கையில் வைத்து, தீக்குச்சியின் மர முனையால் ஒரு ஓரத்தை மெல்ல அழுத்துங்கள். எதிர் ஓரம் எழுந்தால் இருக்கை சரியில்லை. எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க, கல்லின் இடுப்பைச் சுற்றி மார்க்கர் மையைத் தடவி, உட்கார வைத்து, எடுத்துப் பாருங்கள். இருக்கையில் மை ஒட்டிய இடம்தான் மேடு. அந்த இடத்தை மட்டும் துளித்துளியாக எடுக்க வேண்டும். கல்லை எடுக்கவும் வைக்கவும் சாமணத்தைவிடத் தேன்மெழுகு நல்லது. சின்ன உருண்டையாகப் பிடித்துக் கல்லின் தலையில் ஒட்டித் தூக்கினால் தெறித்து ஓடாது.

மடக்கும்போது வரிசை முக்கியம். ஒரு நகத்தை முழுதாக மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், கல் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். ஒன்றைக் கொஞ்சம், அதற்கு நேர் எதிரில் இருப்பதைக் கொஞ்சம், பிறகு மற்ற இரண்டு. இப்படி இரண்டு மூன்று சுற்று வந்து முடிக்க வேண்டும். முடித்த பிறகு ஒரு பட்டு இழையை நகத்தின் நுனிக்குக் கீழே விட்டு இழுத்துப் பாருங்கள். இழை உள்ளே நுழைந்தால் நகம் கல்லைத் தொடவில்லை என்று அர்த்தம். அந்த இடைவெளியில்தான் நாளைக்குப் புடவையின் சரிகை மாட்டி நகத்தை நிமிர்த்தும்.

மூலை உள்ள கற்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சதுரமான பிரின்சஸ் கட், இரண்டு பக்கமும் கூரான மார்க்கீஸ், சொட்டு வடிவக் கல் எல்லாவற்றிலும் உடைவது கூர்முனைதான். அந்த முனையின் மேல் பாரம் விழக் கூடாது. முனை உட்காரும் இடத்தில் இருக்கையைக் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்து காற்று இடைவெளி விட்டு, முனையின் இரு பக்கமும் தாங்கும்படி வி வடிவ நகம் வைக்க வேண்டும்.

கல்லின் குணம் பார்க்காமல் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

கீறலைத் தாங்கும் கடினம் வேறு, அடியைத் தாங்கும் உறுதி வேறு. கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, மரகதம் ஏறக்குறைய 7.5 முதல் 8. ஆனாலும் மரகதத்துக்குள் இயல்பாகவே நுண்விரிசல்கள் உண்டு, ஒரு நகத்தின் ஓரம் சற்று அதிகமாக அழுத்தினாலே சில்லு பெயரும். சந்திரகாந்தக் கல் 6 முதல் 6.5 தான், அடி பட்டால் பிளக்கும் தளமும் அதில் உண்டு. ஓபல், டர்காய்ஸ் இன்னும் மென்மை. பவளமும் முத்தும் 3, 4 என்ற கணக்கில் நிற்கும், எஃகு அரம் லேசாகப் பட்டாலே கீறிவிடும். இப்படிப்பட்ட கல்லைத் தினமும் போடும் மோதிரத்தில் உயரமான நகத்தில் நிறுத்துவது தவறு. கல்லைச் சுற்றித் தகட்டுச் சுவர் எழுப்பி மடக்கும் பெசல் அமைப்புதான் அதற்குப் பாதுகாப்பு.

புஷ்பராகம் என்ற பெயரில் நம் ஊரில் ஒரு குழப்பம் இருக்கிறது. மஞ்சள் நிற நீலக்கல் வகையையும் அப்படிச் சொல்கிறோம், டோபாஸையும் அப்படியே சொல்கிறோம். முன்னது 9, பின்னது 8. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம் போலத் தெரிந்தாலும், டோபாஸ் ஒரு திசையில் கத்தி வைத்தாற்போல் பிளக்கும், முன்னது அப்படிப் பிளக்காது. எது என்று உறுதிசெய்யாமல் சுத்தியலை எடுக்காதீர்கள்.

பெசலிலும் தவறு நடக்கும். சுவர் ரொம்ப உயரமாக இருந்தால் மடக்கும்போது சுருக்கம் விழும், கல்லின் முகமும் மறையும். தாழ்ந்தால் பிடிக்காது. மேல்பக்கம் உருண்ட கல்லென்றால், வளைவு உள்நோக்கித் திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே சுவர் நிற்க வேண்டும். இதிலும் எதிரெதிர்ப் பக்கமாகத்தான் அழுத்த வேண்டும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டு போனால், கடைசியில் மிச்சத் தகடெல்லாம் ஒரு மூலையில் மடிப்பாகச் சேர்ந்து நிற்கும். அதை எடுக்க முடியாது.

அப்புறம் தங்கத்தின் தரம். 916தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அது மென்மை. பெசலுக்கு அந்த மென்மை வரம். மெல்லிய நகத்துக்கு அதுவே கேடு, ஒரு பக்கெட் கைப்பிடியில் இடித்தாலே வளைந்துவிடும். நகம் வைத்த வைர மோதிரங்களை 18 காரட்டில், அதாவது 750இல் செய்வதற்குக் காரணம் இதுதான். அதில் தங்கம் குறைவு என்று வருத்தப்பட வேண்டாம், கல்லைக் காப்பது கலந்திருக்கும் மற்ற உலோகம்.

ராசிக்கல் மோதிரத்தின் திறந்த அடி

கல் விரலில் பட வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருப்பார். அதற்காக அடியைத் திறந்து விடுவோம். இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். முதலாவது, கல் நன்றாகத் தெரியட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போவது. கல்லைத் தாங்கும் விளிம்பு அப்போது நூல்போல ஆகிவிடும், விரல் அடியிலிருந்து தள்ளத் தள்ளக் கல் தளரும். இரண்டாவது, கல்லின் அடி உயரத்தை அளக்காமல், கல் உட்காரும் கூட்டைச் செய்வது. இலங்கையிலிருந்து வரும் நீலக்கற்களில் எடை குறையக் கூடாது என்பதற்காக அடிப்பாகத்தைத் தொப்பை போட்டாற்போல் விட்டுப் பட்டை தீட்டியவை நிறைய. மேலிருந்து பார்த்தால் சின்னக் கல், பக்கவாட்டில் பார்த்தால் ஆழம். கூட்டின் உயரம் போதாவிட்டால் அடி மோதிரத்தின் உள்வட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொள்ளும். மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கும்போதும், விரலை மடக்கும்போதும் கல் கீழிருந்து அடி வாங்கும். இடுப்பிலிருந்து அடி வரைக்கும் வெர்னியர் வைத்து அளந்த பிறகுதான் தகட்டை வெட்ட வேண்டும். கல் விரலைத் தொடலாம், குத்தக் கூடாது.

பசையை நம்புவது

கல் ஆடுகிறதென்று உடனே ஒட்டும் பசையை ஒரு சொட்டு விடுவது வீட்டிலும் நடக்கிறது, சில கடைகளிலும் நடக்கிறது. அந்தப் பசை காய்ந்தால் மொறுமொறுப்பாகிவிடும், இடி தாங்காது. காயும்போது எழும் ஆவி கல்லின் மேல் வெள்ளையாகப் படியும். எல்லாவற்றையும்விட, ஆட்டத்தை மறைத்துவிடும். ஆடுகிற கல் உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது, அந்த வாயை அடைக்காதீர்கள்.

பசைக்கு நியாயமான இடமும் உண்டு. முத்தைப் பாதி வரை துளைத்து, கம்பியில் நிறுத்துவோம். அங்கே இரண்டு கலவை எபாக்சிதான் சரி. கம்பி வழுவழுப்பாக இருந்தால் பிடிக்காது, முறுக்கியோ கீறியோ விட வேண்டும். எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, இரண்டையும் சம அளவில் கலந்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும். அவசரத்துக்கு நான்கு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்த முத்து திரும்பி வரும்.

கல்லோடு நெருப்புக்குப் போவது

மோதிரத்தின் அளவை மாற்றும்போது கல்லைக் கழற்றாமலே பற்றாசு வைத்து ஊதிவிடுகிறார்கள். மரகதத்தில் விரிசல் தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், சூட்டில் அது வெளியேறி விரிசல் பளிச்சென்று தெரியும். கண்ணாடி நிரப்பிய மலிவு மாணிக்கம் சூட்டையும் தாங்காது, பிறகு போடும் ஆசிட்டையும் தாங்காது. ஓபலுக்குள் நீர் இருக்கிறது, வெடிக்கும். வைரம்கூடக் காற்றில் அதிகச் சூடு பட்டால் மேல்பரப்பு வெண்மையாக மங்கும், அதற்காகத்தான் போரிக் ஆசிட் பூச்சுப் பூசுகிறார்கள். சூடான கல்லைத் தண்ணீரில் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடியை மூடிப் பதிக்கும் க்ளோஸ் செட்டிங் வைரத்தில் அடியில் இருக்கும் தகட்டுப் பூச்சும் போய்விடும்.

சூடு படாவிட்டாலும் அளவு மாறும்போது வளைவு மாறுகிறது, கூடும் இழுபடுகிறது. அளவு மாற்றிய மோதிரத்தில் ஒவ்வொரு கல்லையும் மறுபடி சோதிக்காமல் வாங்கிப் போகாதீர்கள். சுற்றிலும் கல் வைத்த மோதிரத்தை அளவு மாற்றவே முயல வேண்டாம், முதலிலேயே விரலைச் சரியாக அளந்து செய்வதுதான் வழி.

போட்டுக்கொள்கிறவர்கள் பார்க்க வேண்டியது

மோதிரத்தைக் காதோரம் பிடித்து விரலால் மெல்லச் சுண்டுங்கள். உள்ளே கிலுகிலுத்தால் அன்றோடு கழற்றி வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்ய அரை நிமிடம் ஆகாது. தேங்காய் துருவும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் மோதிரம் வேண்டாம், நகத்தின் நுனி தேய்வது அங்கேதான். வைரமும் நீலமும் அழுக்குப் போகப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து மென்மையான பிரஷால் தேய்க்கலாம். முத்து, பவளம், ஓபலை ஊறவைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழுவுவதைக் கிண்ணத்துக்குள் செய்யுங்கள், வாஷ்பேசினில் வேண்டாம்.

கல் விழுந்துவிட்டது என்று தெரிந்தால், சரி, முதலில் பெருக்காதீர்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துச் சுற்றிலும் அடியுங்கள். கல் இருந்தால் ஒளி தெறிக்கும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மோதிரத்தை அப்படியே ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். வளைந்த நகத்தை நீங்களே நிமிர்த்தி வைக்காதீர்கள். எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான், கல் மாட்டி இழுபட்டு வந்ததா, இருக்கை சரியில்லாமல் வந்ததா என்று பதிக்கிறவருக்குத் தெரியும்.